நாற்பத்து நான்கு வயது அப்பா

திமோத்தே நும்பிசி இன்னும் பிறக்கவில்லை என்று நகராட்சி அலுவலகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவரிடமே தெரிவித்தது. அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. கோட்டு, டை, கையில் தோல் பை, முகம் பார்க்கும்படி பளபளத்த ஷூ. பிறக்காதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடிதான் வந்திருந்தார்.

செய்தியைச் சொன்னவள் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த எழுத்தர் ஜொஸ்லின்.

"பதிவேட்டுல நீங்க இல்லைங்க, இன்ஸ்பெக்டர் ஐயா."

"நன்றாகப் பாருங்கள். நான் உங்கள் எதிரில் நிற்கிறேன்."

"நிக்கிறீங்க. அதுல எனக்கு ஒண்ணும் சந்தேகமில்ல. உங்க கையில இருக்கிற பழைய சான்றிதழும் நிஜம்தான், முத்திரையும் நிஜம்தான். ஆனா அதைக் கிழிச்ச புத்தகத்தோட அடிக்கட்டையில அந்த நம்பர்ல வேற ஆள் இருக்கு. அனியேஸ்னு ஒரு பொண்ணு."

"நான் அனியேஸ் அல்ல."

"தெரியுதுங்க."

நும்பிசி பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில், ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வு நாளில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதைப் பூசைபோலச் செய்தவர். "ஆவணம் இல்லாதவன் இல்லாதவனே" என்பது அவர் கண்டுபிடித்த வாசகம். சில பள்ளிகளில் அதைக் கரும்பலகைக்கு மேலே எழுதியும் வைத்திருந்தார்கள், அவர் வரும் நாளில் மட்டும்.

"நீங்களே சொல்வீங்களே ஐயா, ஆவணம் இல்லாதவன்..." என்று ஜொஸ்லின் ஆரம்பித்தாள். அவர் பார்த்த பார்வையில் கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

நடந்தது வேறொன்றும் இல்லை. அந்தக் காலத்தில் கேமரூனின் மேற்கே எங்கள் மலைப்பக்கத்தில் பிள்ளை பிறந்தால் கோழி அடிப்பார்கள், வாழைக்காயை ஆட்டுக்கறியோடு வேகவைத்துத் தெருவுக்கே போடுவார்கள். பதிவு செய்வது என்பது யாருக்கும் தோன்றாது. பிள்ளை வளர்ந்து தேர்வு எழுதும் வயசுக்கு வந்ததும் தலைமையாசிரியர் ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டவுனுக்கு நடப்பார். நகராட்சிச் செயலர் சேவலை வாங்கிக் கட்டிவிட்டு, வகுப்பு மொத்தத்தையும் ஒரே மத்தியானத்தில் பிறக்க வைப்பார். புத்தகம் தீர்ந்துபோனால் இருக்கிற நம்பரையே இன்னொருவனுக்கும் கொடுப்பார். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். அத்தனை தாய்மாரும் புத்தாண்டு அன்று எப்படித்தான் இடம் கிடைத்துப் படுத்தார்களோ.

ஐம்பது வருஷம் அந்தக் காகிதத்தை யாரும் சந்தேகப்படவில்லை. இப்போது பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பழைய காகிதம் போதாது, புத்தம்புது அதிகாரபூர்வ நகல் வேண்டும். நகல் வேண்டுமென்றால் மூலம் இருக்க வேண்டும். மூலத்தில் அனியேஸ் உட்கார்ந்திருந்தாள்.

பாஸ்போர்ட் எதற்கு என்று தெருவுக்கே தெரியும். மகள் க்ளாரிஸ் பெல்ஜியத்தில் இருந்தாள். மார்ச்சில் அவளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் வழக்கத்தில் பெற்ற தாய் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மகளுக்கு வயிற்றுக்கட்டுக் கட்டிவிட்டு வர வேண்டும். க்ளாரிஸின் தாய் மார்த் இறந்து மூன்று வருஷமாகிறது. ஒரு நாள் தொலைபேசியில் மகள் பெருமூச்சுவிட்டு, "அம்மா இருந்தா வந்திருப்பாங்க. நீங்களாவது வாங்களேன்ப்பா" என்றாள். நும்பிசி அதைப் பணிநியமன உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தயாராக ஆரம்பித்தார். பழைய துணிச் சந்தையில் காது மூடும் கம்பளிக் குல்லா வாங்கினார். பெட்டி வாங்கினார். குழந்தையைப் பிடித்துப் பழக வேண்டுமே என்று சந்தையில் தேடித் தேடி மூன்றரைக் கிலோவில் ஒரு பெருவள்ளிக் கிழங்கு வாங்கி, தினமும் காலையில் அலுமினியத் தொட்டியில் வைத்து, இடது முழங்கையில் தலை, வலது கையில் சோப்பு என்று குளிப்பாட்டினார். கிழங்கு வழுக்கி விழுந்த நாட்களில் அவருக்கு மதியம் வரை மனசே சரியிருக்காது. இதைப் பார்க்க அந்த வீட்டில் யாரும் இல்லை என்றுதான் அவர் நினைத்தார். அடுத்த வீட்டு மாடி என்று ஒன்று இருப்பதை இன்ஸ்பெக்டர்கள் கவனிப்பதில்லை.

வீடு பெரியது. நான்கு அறை. செய்தித்தாளை அவர் சத்தமாகப் படிப்பார், எதிரே ஆள் இருப்பதுபோல. பிழை வந்தால் நிறுத்தித் திருத்துவார். சாயங்காலம் வெளிக்கேட்டைத் திறந்து இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார், மூடிவிடுவார். யாராவது வருவார்கள் என்று அல்ல. கேட்டுக்குத் தான் கேட் என்பது மறந்துவிடக் கூடாதே.

"வேற வழி இருக்கு ஐயா" என்றாள் ஜொஸ்லின். "கோர்ட்டுக்குப் போங்க. நீங்க பொறந்தது உண்மைதான்னு தீர்ப்பு ஒண்ணு குடுப்பாங்க. அதைக் கொண்டாந்தா நான் புதுசா பதிஞ்சு நகல் குடுத்துடுவேன். சாட்சிக்கு அப்பா வந்தா போதும். அப்பா இல்லேன்னா, நீங்க பொறந்தப்ப கூட இருந்தவங்க ரெண்டு பேர்."

"என் தந்தையார் காலமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன."

ஜொஸ்லின் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "என்னங்க இப்படிச் சொல்றீங்க? அப்பா சம்பா முந்தாநாள்கூட இங்க வந்தாரே. லாரி நிறுத்தற இடத்துக்கு அனுமதி கேட்டு, என்கிட்ட அரை மணி நேரம் சண்டை போட்டாரே!"

நும்பிசி தோல் பையை மூடினார். பையின் கொக்கி இரண்டு தடவை போட்டும் விழவில்லை.

எங்கள் பக்கத்தில் அப்பா என்பது ஆள் அல்ல, ஒரு பதவி. காலியாக விட முடியாது. வீட்டுத் தலைவர் செத்தால், காரியத்தன்று ஊர்ப் பெரியவர்கள் கூட்டத்துக்குள் புகுந்து, செத்தவர் முன்பே சொல்லிவைத்த மகனை மடக்கிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது அவன் மகன் அல்ல, அப்பா. செத்தவரின் பெயர், முக்காலி, தொப்பி, திட்டும் உரிமை எல்லாம் அவனுக்கு. அண்ணன்மாரும் அவனை அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். அவன் அவர்களை மகனே என்பான்.

கிழவர் சம்பா இறந்தபோது அந்த இடம் தனக்குத்தான் என்பதில் நும்பிசிக்குச் சந்தேகமே இல்லை. மூத்த மகன், படித்தவர், அதிகாரி. ஏற்புரைகூட எழுதி உள்பையில் வைத்திருந்தார். பெரியவர்கள் கூட்டத்துக்குள் வந்தபோது பிடிக்க வசதியாகத் தோளைச் சற்று முன்னால் கொடுத்தார். அவர்கள் அந்தத் தோளை லேசாக ஒதுக்கிவிட்டு, பின்னால் பீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்த மாக்லுவாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது மனைவியின் மகன். முப்பத்து மூன்று வயது லாரி டிரைவர். நும்பிசி ஏற்புரையோடு வீடு திரும்பியவர்தான். அப்புறம் அந்த முற்றத்தில் கால் வைக்கவில்லை.

ஆகவே அவர் தான் பிறந்தபோது கூட இருந்திருக்கக்கூடிய இரண்டு பேரைத் தேடினார். மிஷன் ஆஸ்பத்திரி மருத்துவச்சி இறந்துவிட்டாள். தாய்மாமன் இறந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கொல்லன் இறந்துவிட்டான். துவாலா நகரத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் போன் செய்தார்.

"நான் எப்படிப்பா பார்த்திருப்பேன்?" என்றார் அவர். "நான் உன்னைவிடச் சின்னவன். நீதான் என்னை அண்ணன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கெடுத்து வச்சிருக்க."

கோர்ட்டு வாசல் மாமரத்தடியில் கூலிச் சாட்சிகள் உண்டு. இலையில் அவித்த பயறுக் கோகி ஒரு தட்டும் ஒரு பீரும் வாங்கிக் கொடுத்தால் யார் பிறப்பையும் பார்த்திருப்பார்கள். அவர்களில் ஒருவன் நும்பிசியிடம் வந்து, "உங்கம்மாவுக்கு வலி எடுத்தப்போ வெந்நீர் போட்டதே நான்தான், பெரியவரே" என்றான். அவனுக்கு நாற்பது இருக்கலாம்.

"பொய்ச்சாட்சி தண்டனைக்குரிய குற்றம்" என்றார் நும்பிசி.

"அப்ப நிஜச் சாட்சியைக் கூட்டிட்டு வாங்க. யாரு வேணாம்னா?"

 வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அது உறைத்தது. பிறந்ததைப் பார்த்தவர் இருக்கட்டும். அவரைச் சின்னப் பையனாகப் பார்த்தவர்கூட இப்போது யாரும் இல்லை. அவர் எப்போதும் இன்ஸ்பெக்டராகவே இருந்தவர் என்று சத்தியம் செய்ய ஊரே திரண்டு வரும். அதற்கு முன்னால் அவர் யாரோ.

அந்த வாரக் கடைசியில் தெருவில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்று, காது கிழிய ஹாரன் அடித்தது.

"மகனே! டேய் மகனே! கேட்டைத் திற!"

நும்பிசி ஓடிவந்து திறந்தார், மரியாதையால் அல்ல, அந்தச் சத்தத்தை நிறுத்துவதற்காக. மாக்லுவார் இறங்கினான். இப்போது வயிறு வந்திருந்தது. மேலே கால்பந்துச் சட்டை, தலையில் அப்பாவின் பின்னல் தொப்பி.

"என்னடா மகனே, நீ பொறக்கவே இல்லையாமே? நகராட்சியில ஒரே சிரிப்பு."

"மாக்லுவார், தெருவில் நின்று கத்தாதே."

"மாக்லுவார் செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. நான் சம்பா. அப்பன் உசுரோட இருக்கறப்ப மாமரத்தடியில சாட்சி தேடினியாமே, வெக்கமா இல்ல?"

"நீ என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன். நான் பிறந்ததை நீ பார்த்ததாக எப்படிச் சொல்வாய்?"

"அது மாக்லுவாரோட வயசு. என் வயசு இல்ல." மாக்லுவார் வீட்டை எட்டிப் பார்த்தான். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி மேசையை ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தது. மற்றவை சுவரோரம் வரிசையாக, பள்ளிக்கூடம் விட்ட பிறகு இருப்பதுபோல. தொட்டியில் கிழங்கு கிடந்தது. அவன் ஏதோ கிண்டல் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

"கோர்ட்டு என்னைக்கு?" என்றான்.

"நான் உன்னை அப்பா என்று அழைப்பேன் என்று எதிர்பார்க்காதே."

"கூப்பிடாதே. யாரு கேட்டா? என்னைக்குன்னு சொல்லு, வண்டி கொண்டாரேன்."

நும்பிசி படித்தவர். இது நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது. கோர்ட்டுக் குமாஸ்தா எங்கள் ஊர்க்காரர்; மனுவில் 'தகப்பன்: சம்பா, வயது 44' என்று கண் சிமிட்டாமல் எழுதிக்கொண்டார், அவர் வீட்டிலும் அப்படி ஒரு அப்பா இருக்கிறாரே. அதிகாரிகளே ஏற்ற பிறகு நாம் ஏன் குறுக்கே பேச வேண்டும் என்று நும்பிசி பேசாமல் இருந்துவிட்டார்.

விசாரணை நாளில் பிக்கப்பின் முன் இருக்கையில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். மாக்லுவாரின் தாய் தெக்லா. தாடை வீங்கியிருந்தது, தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். மடியில் மூடி போட்ட ஒரு எனாமல் பாத்திரம்.

"அம்மாவுக்குப் பல்லு புடுங்கணும்" என்றான் மாக்லுவார். "கோர்ட்டு முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நீ பின்னால ஏறிக்க, மகனே."

நும்பிசி கிழவியைப் பார்த்து, ஆய்வுக்கு வந்த பள்ளியில் ஆயாவைப் பார்ப்பதுபோலத் தலையை ஒரு அசைப்பு அசைத்தார். கோட்டும் டையுமாக, வாழைத்தார்களுக்கு நடுவே நின்றுகொண்டு கோர்ட்டுக்குப் போனார். தெருவே எழுந்து நின்று வணக்கம் சொன்னது.

நீதிபதி கடற்கரைப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். எங்கள் குளிரையும் எங்கள் பெயர்களையும் ஒருசேர வெறுத்தார். ஒரு வாக்கியம் பேசினால் அது சுவரில் மோதித் திரும்பி வரும் வரை காத்திருந்து அடுத்ததைத் தொடங்குவார்.

"மனுதாரரின் தகப்பனார் யார்?"

"நான்தான்" என்று மாக்லுவார் முன்னால் போனான்.

நீதிபதி மனுவைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "உமக்கு என்ன வயது?"

"ஒடம்புக்கா? நாப்பத்து நாலு."

"மனுதாரருக்கு அறுபத்திரண்டு."

"ஆமாங்க. மூத்தவன்."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க என்ன இருக்கிறது என்று எங்கள் ஆட்களுக்குப் புரியவில்லை.

"இவர் பிறந்தபோது நீர் உடன் இருந்தீரா? உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறீர், ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்காம? நான்தானே அப்பன்!"

நீதிபதி பேனாவை வைத்தார். "இந்த நீதிமன்றத்தைக் கேலிக்கூத்தாக்க ஒரு லாரி டிரைவர் போதும் என்று நினைத்தீர்களா? குமாஸ்தா, பொய்ச்சாட்சிக்கு இவரைக் காவலில் வைக்கும் உத்தரவு எழுதும்."

குமாஸ்தா, "ஐயா, அது எங்க பக்கத்துல..." என்று இழுத்தார். நீதிபதி ஒரு விரலைத் தூக்கியதும் நிறுத்திக்கொண்டார். வாசலில் நின்ற போலீஸ்காரர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார்.

மாக்லுவாருக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லையே. போலீஸ்காரரைப் பார்த்தான், நீதிபதியைப் பார்த்தான், கடைசியில் நும்பிசியைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் அப்பா சம்பா இல்லை. பீர் பாட்டிலோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றவன்தான் இருந்தான்.

நும்பிசி நினைத்திருந்தால் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். இவன் சொன்னதற்கு நான் பொறுப்பல்ல என்று ஒரு வரி சொன்னால் மனு தப்பித்திருக்கும். புதுச் சாட்சியோடு அடுத்த வாரம் வந்திருக்கலாம். அவர் எழுந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே! மானிடவியல் நோக்கில், மேற்கு மலைநாட்டு வாரிசு முறையானது..."

"உட்காரும்."

"மூன்று அம்சங்களைக் கொண்டது. முதலாவதாக..."

"உட்காரும் என்றேன்!"

போலீஸ்காரர் மாக்லுவாரின் தோளில் கை வைத்தார். நும்பிசி அந்தக் கையைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். கூடத்தைக் குறுக்கே கடந்து போய், தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவன் முன்னால் இடுப்பை வளைத்து, இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். அந்த இடுப்பு அதற்கு முன் எந்த மந்திரிக்கும் அவ்வளவு வளைந்ததில்லை.

"அப்பா" என்றார்.

பிறகு நீதிபதி பக்கம் திரும்பினார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை ஊரில் யாரும் கேட்டதில்லை.

"இவரு பொய் சொல்லலீங்க. எங்க வழக்கத்துல இவருதான் எங்கப்பா. செத்தவரோட பேரு, இடம் எல்லாம் இவருக்குத்தான். நான்தான் இத்தனை வருஷமா கூப்பிடாம இருந்தேன். ஜெயில்ல போடறதா இருந்தா என்னைப் போடுங்க. தெரிஞ்சே பேசாம இருந்தது நான்தான்."

நீதிபதி போலீஸ்காரரைக் கையசைத்து விலக்கினார். குரல் தணிந்திருந்தது. "உங்கள் வழக்கம் இருக்கட்டும் ஐயா. சட்டத்துக்கு, பார்த்த கண் வேண்டும். அது இவரிடம் இல்லை."

"இல்லதான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இவன் எங்க பார்த்தான்? அன்னைக்கு ஊர்லயே இல்ல."

தெக்லா வண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போய், எப்போது முடியும், எப்போது பல் பிடுங்குவது என்று கேட்க வந்திருந்தாள். கதவோரம் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வீங்கிய தாடையோடு எங்கள் பேச்சில் பேசியதைக் குமாஸ்தா மொழிபெயர்த்தார்.

"டேய் சம்பா," என்றாள் தன் மகனிடம், "அன்னைக்கு நீ எங்க இருந்த, சொல்லு. கோலாக்கொட்டை மூட்டையைத் தூக்கிட்டு வடக்க போனவன் மூணு வாரம் கழிச்சு வந்த. வந்ததும், 'என்ன, ஆம்பளையா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தூங்கப் போயிட்ட. பொண்டாட்டி சோளக் காட்டுல தனியாக் கிடந்தா. இதுல கூட இருந்தேன்னு சத்தியம் வேற!"

மாக்லுவார் தலையைக் குனிந்துகொண்டான். "மறந்துட்டேன்" என்றான்.

"மறப்ப. நான் மறப்பேனா? நான் கல்யாணமாகி வந்து ஒரு மாசம்கூட ஆகல. இவனைப் பெத்த பவுலின் அக்காவுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது, சக்களத்தி இல்லையா. அவ கத்தினது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. ஓடினேன். இந்தக் கையாலதான் புடிச்சேன்." கையைத் தூக்கிக் காட்டினாள். கூடவே பாத்திரமும் தூக்கப்பட்டது. "வெளிய வந்து அழவே இல்ல இவன். கண்ணைத் திறந்து என்னை முறைச்சான். விதைச்ச மண்ணை முறைச்சான். எல்லாத்துலயும் ஏதோ தப்பு இருக்கிற மாதிரி ஒரு பார்வை."

இப்போது கூடம் சிரித்தது. நீதிபதியும் சிரிக்காமல் இருக்கப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"எந்தத் தேதி அம்மா?"

"தேதி யாருக்குத் தெரியும்? சோளம் விதைச்சு முடிச்ச மறுநாள்."

நீதிபதி 'மார்ச், ஏறத்தாழ' என்று எழுதினார். கண்ணால் பார்த்தவர் ஒருவர், குடும்பத் தலைவர் ஒருவர், ஆக இரண்டு சாட்சி என்று முடித்துக்கொண்டார். மணி ஒன்றாகியிருந்தது, அவருக்கும் பசி இருக்கும்.

வெளியே வந்ததும் தெக்லா நும்பிசியைக் கிட்டே கூப்பிட்டாள்.

"என்னடா தாங்குவா, இவ்ளோ இளைச்சுட்ட?"

தாய்வழியில் வைக்கும் செல்லப்பெயர் அது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒன்று உண்டு. நெருங்கியவர்கள் மட்டுமே வாய்விட்டுக் கூப்பிடுவார்கள். அவருக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது. மார்த்துக்குக்கூட அதைச் சொன்னதில்லை. மரியாதைக் குறைவாக இருக்கும் என்று.

கிழவி பாத்திரத்தை அவர் கையில் திணித்தாள். "கோகி. எனக்கு இன்னைக்கு மெல்ல முடியாது, நீ தின்னு."

மழைக்காலம் தொடங்கும் முன்பே நகல் கைக்கு வந்தது. 'கேமரூன் குடியரசு' என்று மேலே, இரண்டு முத்திரை, ஜொஸ்லினின் அழகான கையெழுத்து. "பொறந்ததுக்கு வாழ்த்துகள், ஐயா" என்றாள். அவர் அதைத் தோல் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே க்ளாரிஸைக் கூப்பிட்டார்.

"சான்றிதழ் கிடைத்துவிட்டது. இனி பாஸ்போர்ட் ஒரு தடை அல்ல."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நிஜமாவே வர்றீங்களாப்பா?" என்றாள் க்ளாரிஸ்.

"ஏன்?"

"இல்ல... அவரோட அம்மா வர்றாங்க. டிக்கெட்லாம் போட்டாச்சு. குளிப்பாட்டறது எல்லாம் அவங்க பார்த்துப்பாங்க. வீடு ரொம்பச் சின்னதுப்பா, உங்களுக்குக் குளிரும் ஒத்துக்காது. அடுத்த வருஷம், கோடையில வாங்களேன்? குழந்தையும் நடக்க ஆரம்பிச்சிருக்கும்."

"நானும் அதையே சொல்லவிருந்தேன்" என்றார் நும்பிசி. "எனக்கும் இங்கே பல பணிகள் உள்ளன."

"கோவிச்சுக்கலையே?"

"கோபிக்க என்ன இருக்கிறது? நகல் கிடைத்த விவரத்தைத் தெரிவிக்கவே அழைத்தேன்."

போனை வைத்த பிறகு கம்பளிக் குல்லாவை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார், பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு சமையலறைக்குப் போய்ப் பெருவள்ளிக் கிழங்கைப் பார்த்தார். இத்தனை நாள் குளித்ததில் அது எந்தச் சந்தைக் கிழங்கையும்விடச் சுத்தமாக இருந்தது. தோல் சீவி, துண்டு போட்டு, உப்புப் போட்டு வேகவைத்தார். ஒரு ஆள் தின்று தீர்க்க முடியாத அளவு இருந்தது. செய்தித்தாளை எடுத்து வைத்தார். அன்று சத்தமாகப் படிக்கவில்லை.

சாயங்காலம் கேட்டைத் திறந்து இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். உள்ளே போன் அடித்தது. ஓடினார்.

"மகனே! அம்மா கேட்டுட்டே இருக்காங்க. அந்த எனாமல் பாத்திரம் எங்க?"

"இங்கதான் இருக்கு. கழுவி வச்சிருக்கேன்."

"கழுவி வச்சா போதுமா? அது அவங்க கல்யாணத்துக்கு வந்த பாத்திரமாம். பல்லு போனதுக்குக்கூட அழல, அதுக்கு அழறாங்க. எப்ப கொண்டாற?"

நும்பிசி பாத்திரத்தைப் பார்த்தார். ஓரத்தில் எனாமல் உதிர்ந்து இரும்பு தெரிந்தது. "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றார்.

"காலையிலயே வா. சோளக் காட்டுல வேலை இருக்கு."

அதற்குப் பிறகும் மாக்லுவார் போனை வைக்கவில்லை.  அங்கே யாரோ ஆட்டை விரட்டும் சத்தம் கேட்டது, ஒரு குழந்தை எதற்கோ அழுதது. கோர்ட்டில் அந்தச் சொல் தானாக வந்துவிட்டது. அங்கே போலீஸ்காரர் இருந்தார், கூட்டம் இருந்தது. இங்கே சுவர்க் கடிகாரம் மட்டும், ஓய்வு பெற்றபோது ஆசிரியர் சங்கம் கொடுத்தது. அது எப்போதும்போலப் பத்து நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, வச்சிடறேன், அப்பா" என்றார்.

பதில் வரவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இணைப்பு போயிருந்தது. அந்தச் சொல்லுக்கு முன்னால் போனதா, பின்னால் போனதா என்று தெரியவில்லை.

திரும்பக் கூப்பிடவில்லை. பாத்திரத்தை எடுத்துப் போய் இன்னொரு தடவை கழுவினார். ஞாயிற்றுக்கிழமை வரை அதைக் கவிழ்த்து வைக்க ஓர் இடம் தேடினார். அந்த வீட்டில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. எங்கே வைத்தாலும் அது தனியாகத்தான் இருந்தது. கடைசியில் வாசல் கதவுக்குப் பக்கத்தில், போகும்போது மறக்காத இடத்தில் வைத்தார்.